அழுத்தினதும் குதிக்கணும்

"கண்ணாடிப் பக்கம் நெஞ்சுக்கு! நெஞ்சுக்குன்னு சொன்னேன்ல!" என்று அவள் மாடிப்படியின் உச்சியில் நின்று கத்தினாள்.

கீழே, படி திரும்பும் இடத்தில், அவள் வீட்டுக்காரர் ஒரு பழைய டியூப் டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு என்னவோ சின்னப் பெட்டிதான். தூக்கிப் பார்த்தவருக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். எடை முழுக்க முன்னால் இருக்கும் கண்ணாடியில். பின்னால் இருப்பது வெறும் காற்றும் தூசும். கண்ணாடியை வெளிப்பக்கம் வைத்துத் தூக்கினால் பெட்டி ஆளையும் சேர்த்து முன்னால் இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்துவிடும். டிவி கடைக்காரர் இதைப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். மனுஷர் எதைத்தான் காதில் வாங்கினார், இதை வாங்க?

"நெஞ்சுக்கு வச்சா படி தெரிய மாட்டேங்குதேம்மா!"

"தெரியாட்டி தடவிக்கிட்டு வாங்க."

"சுவத்துல அவ்ளோ பெரிய டிவி தொங்குது. இதைப் போய் எவனாவது மாடிக்குத் தூக்கிட்டு வருவானா? குப்பைக்காரன்கூட இதை வேண்டாம்பான்."

வேறொரு நாளாக இருந்தால் அவர் ஒன்று சொன்னதற்கு அவள் நான்கு சொல்லியிருப்பாள். இன்றைக்கு அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு மூச்சை மட்டும் புஸ்புஸ்ஸென்று விட்டுக்கொண்டு ஏறி வந்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில் போட்டிருந்த கட்டிலில், அவள் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒரு வாரமாக அப்படித்தான் படுத்திருக்கிறான்.

அண்ணன் பஸ் டிரைவர். டிப்போவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது, 'கை'தான். எந்தச் சந்தாக இருந்தாலும், எவன் குறுக்கே வண்டியை நிறுத்தியிருந்தாலும், ஒரு கீறல் இல்லாமல் பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவானாம். அவனுக்கும் அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. "அந்த வண்டி டிப்போவை விட்டே கிளம்பலை பாப்பா" என்று சொல்லிச் சிரித்ததோடு சரி. தலையில் கட்டி என்று தெரிந்து, வெட்டி எடுக்கவும் முடியாது என்று ஆனபோது, அவன் வந்து சேர ஒரே இடம்தான் இருந்தது. துணிப்பை ஒன்று, சிறுவயதில் இரண்டு பேரும் சேர்ந்து ஆடிய வீடியோ கேம் பெட்டி ஒன்று. இவ்வளவுதான் சாமான். நாற்பது வயது தாண்டிய தங்கையை இன்னும் பாப்பா என்று கூப்பிடும் ஒரே ஜீவன் இந்த உலகத்தில் அவன்தான்.

டாக்டர் அவளைத் தனியே வராண்டாவுக்கு அழைத்துத்தான் சொன்னார். "வலது கை தடுமாற ஆரம்பிச்சா உடனே சொல்லுங்கம்மா. அவர் நினைக்கிற நேரத்துக்குக் கை ஒத்துழைக்காது, கொஞ்சம் பிந்தும். அதுதான் முதல் அடையாளம். அதுக்கப்புறம் ரொம்ப நாள் தாங்காது." தனியாகக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? கதவுக்குப் பின்னால் நின்று அண்ணன் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். டிரைவர் காது, என்ஜினில் ஒரு நட்டு ஆடினாலே பிடித்துவிடும் காது.

மறுநாள் காலையிலிருந்து அவன் அந்தக் கேம் பெட்டியைப் போட ஆரம்பித்தான். மற்றவர்கள் எழுந்ததும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள் இல்லையா, இவன் பாலம் தாண்டிப் பார்த்தான்.

அந்த விளையாட்டில் ஒரு குட்டி ஆள். முதுகில் அவனைவிடப் பெரிய மூட்டை. உடைந்த பாலங்களைத் தாண்டிக்கொண்டே போக வேண்டும். சிறுவயதிலேயே அவனுக்கு மூட்டைக்காரன் என்று பெயர் வைத்தாகிவிட்டது. முதல் நான்கு பாலங்களும் சுமார். ஐந்தாவதில்தான் வில்லங்கம். ஒரே ஒரு பலகை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது உச்சியைத் தொடும் அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். இமைப்பொழுது பிந்தினால் மூட்டைக்காரன் மூட்டையோடு ஆற்றுக்குள்! கூடவே கேலி செய்வதுபோல ஒரு பாட்டு வேறு வரும். அவள் அந்தப் பாலத்தை வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவான்.

ஒவ்வொரு காலையும் தாண்டினான். தாண்டியதும் அடுப்படிப் பக்கம் திரும்பி, "கை இருக்கு பாப்பா, டூட்டிக்குப் போலாம்" என்பான். அதற்குப் பிறகுதான் சாப்பாடு, மாத்திரை எல்லாம். அவளும் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் குரல் வரும்வரை மிதியில் கால் வைக்க மாட்டாள்.

இது இப்படியே போயிருக்கலாம். வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "மச்சான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறாரும்மா. நம்ம டிவி பொடி டிவி, பாவமா இருக்கு" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். ஒருநாள் சாயங்காலம் வீட்டிலிருந்த பழைய டியூப் டிவியைக் கடையில் கொடுத்துவிட்டு, சுவரை அடைக்கிற மாதிரி ஒரு புது டிவியோடு வந்து நின்றார். கேம் பெட்டியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைச் செருக அதில் ஓட்டையே இல்லை. சளைக்கவில்லை மனுஷர். திரும்ப ஓடிப்போய் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று வாங்கி வந்தார். ஒரு பக்கம் பழைய வயர், மறுபக்கம் புது வயர். மாட்டியதும் மூட்டைக்காரன் பளிச்சென்று, ஒரு கைக்குழந்தை உயரத்துக்கு வந்து நின்றான். அண்ணன் கைதட்டினான். வீட்டுக்காரர் டிவியைத் தானே கண்டுபிடித்தவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவளும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மறுநாள் காலை கேலிப் பாட்டு கேட்டது. அவள் தையலை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். மறுபடி அதே பாட்டு. மறுபடியும். பிறகு பெட்டியை அணைக்கும் சத்தம்.

அவள் ஓடிவந்து பார்த்தபோது, அண்ணன் கையில் பிடித்து ஆடும் கேம் கட்டையின் வயரை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்து அவளிடம் நீட்டினான். "எடுத்து வை பாப்பா."

"ஏண்ணே, படம் பெருசா இருக்கா? கண்ணு கூசுதா?"

"படம் நல்லாத்தான் இருக்கு. கை போயிடுச்சு."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். பாலைக் கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டு வைத்தான். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்தான். டிப்போ நண்பர்கள் பார்க்க வருகிறோம் என்று போன் செய்தபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஊசி போட வரும் நர்ஸ் அவளைத் தனியே அழைத்து, "உடம்பு இவ்வளவு சீக்கிரம் இறங்கக் கூடாதுங்க. மனசை விட்டுட்டாரு" என்றாள். கை போன மனுஷனிடம் போய் எதைச் சொல்லி மனசைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது?

நேற்று மத்தியானம் வரை அவளும் கை போய்விட்டது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது அந்தக் கேம் கட்டை கைக்கு வந்தது. அண்ணன் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்துப் பொத்தானில் பள்ளமே விழுந்திருந்தது. அழுகை வந்தது. ஏனோ அதை மாட்டிப் போட்டாள். மூட்டைக்காரன் வந்து நின்றான். பொத்தானை அழுத்தினாள். டிக். அதற்கப்புறம்தான் அவன் குதித்தான்.

மறுபடி அழுத்தினாள். டிக். பிறகு குதித்தான்.

பெரிய தாமதமொன்றும் இல்லை. சினிமா பார்க்கிறவர்களுக்கும் செய்தி பார்க்கிறவர்களுக்கும் அது கண்ணிலேயே படாது. ஆனால் அவள் தையல்காரி. மிதியிலிருந்து காலை எடுத்தால் அந்த இடத்திலேயே ஊசி நிற்க வேண்டும், ஒரு தையல் தள்ளி நின்றால் மெஷினில் கோளாறு என்று அர்த்தம். இருபது வருஷமாக அவள் பிழைப்பு அதில் ஓடுகிறது. அழுத்துவது ஒரு நேரம், குதிப்பது இன்னொரு நேரம் என்றால், கோளாறு கையில் இல்லை. இந்த மெஷினில்!

அடப்பாவி, இது அண்ணனுக்கு ஏன் தெரியாமல் போனது? அதைத்தான் அவள் நேற்றிலிருந்து நினைத்து நினைத்து மாய்ந்துகொண்டிருக்கிறாள். 'கை கொஞ்சம் பிந்தும்' என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவன் அவன். பிந்துமா பிந்துமா என்று ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டே பார்த்தவன். அது வந்து எதிரே நின்றபோது டிவியை எப்படிச் சந்தேகப்படுவான்? பாசமாக வாங்கி மாட்டிய டிவி அவனை முட்டாளாக்கிவிட்டது.

அப்போதே கட்டிலுக்கு ஓடினாள். "அண்ணே, உன் கை இல்லேண்ணே! டிவிதான் லேட்டு! இந்தச் சனியன்தான் லேட்டா காட்டுது!"

அண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். சிரித்தான். சின்ன வயதில் அவள் கீழே விழுந்து, அடியே படவில்லை என்று அழுதுகொண்டே சொல்லும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "எனக்காகச் சொல்றே. சரி, போ" என்றான்.

அவன் நம்பவில்லை. வாயால் சொன்னால் நம்ப மாட்டான். கண்ணால் பார்த்தால்தான் நம்புவான், அதுவும் கண் மூடுவதற்குள் பார்க்க வேண்டும். இன்று காலை நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் டிவி கடைக்கு ஓடினாள்.

வீட்டிலிருந்து போன பழைய டிவியை ஏற்கெனவே பிரித்து மேய்ந்தாகிவிட்டது. கடைக்காரர் ஸ்குரூ டிரைவரைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, அவள் மூச்சிரைக்கச் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அட, அது அப்படித்தாங்க. புது டிவி அதிபுத்திசாலி. வர்ற படத்தை வாங்கி, அலசி, பெருசாக்கி, மெருகு போட்டு, அப்புறம்தான் உங்க கண்ணுல காட்டும். நீங்க மாட்டின குட்டிப் பெட்டி வேற தன் பங்குக்கு ஒரு யோசனை பண்ணும். டியூப் டிவிக்கு அந்தப் புத்தியெல்லாம் ஏது? வந்ததை வந்தபடி காட்டிடும்."

"அப்போ அதைக் குடுங்க" என்று அவள் மூலையில் இருந்த பெரிய டியூப் டிவியைக் காட்டினாள். வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது.

"டியூப்தான், ஆனா வேண்டாம். இதெல்லாம் கடைசிக் காலத்துல வந்தது. இதுக்குள்ளேயே மெருகு போடுற சமாச்சாரம் வச்சிருப்பான், இதுவும் பிந்தும். உங்களுக்கு இதுதான் சரி." அவர் அடுக்கின் அடியிலிருந்து இழுத்துப் போட்டது ஒரு கருப்புப் பெட்டி. மூலையில் விரிசல், முகமெல்லாம் தூசு. முன்பக்கம் மஞ்சளுக்கு ஒரு ஓட்டை, வெள்ளைக்கு ஒரு ஓட்டை. "ரிமோட் கிடையாது. பரவாயில்லையா?"

அவளுக்கு ரிமோட்டா முக்கியம்? வீட்டுக்காரரைப் போன் போட்டு வரவழைத்தாள்.

இப்போது அந்தக் கருப்புப் பெட்டி ஒருவழியாகக் கூடத்துக்குள் வந்து சேர்ந்தது. அவள் தையல் மெஷினின் தலையை மடக்கி உள்ளே தள்ளிவிட்டு, அந்த மேசையின் மேலேயே டிவியை வைக்கச் சொன்னாள். கட்டிலுக்கு நேர் எதிரே. வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து மஞ்சளை மஞ்சளில் செருகினாள், வெள்ளையை வெள்ளையில். சிவப்புக்கு இடமில்லை. அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

சுவிட்சைப் போட்டாள். டொய்ங் என்று ஒரு உறுமல். பிறகு திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், காது கிழியும் இரைச்சல். சேனல் பொத்தானை அழுத்தினாள். இரண்டு, மூன்று, நான்கு... எதிலும் புள்ளிதான். எட்டு, ஒன்பது. "ஐயோ, ஏமாத்திட்டானா..." என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"ஒண்ணுக்குக் கீழ போ."

கட்டிலில் இருந்து வந்த குரல் அது. இரண்டு பேரும் திரும்பினார்கள். அண்ணன் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தான்.

"ஒண்ணாம் நம்பர் வச்சு, இன்னும் ஒரு தடவை கீழ அழுத்து பாப்பா. ரிமோட் இல்லாத டிவியெல்லாம் அங்கதான் ஒளிச்சு வச்சிருப்பான்."

அழுத்தினாள். இரைச்சல் சட்டென்று அடங்கியது. மூட்டைக்காரன் குட்டியாக, ஓரமெல்லாம் பச்சை படிந்து, நின்றுகொண்டிருந்தான். "தூக்கிட்டு வந்ததுல நிறம் கலங்கியிருக்கும், ஒருதரம் அணைச்சுப் போடு" என்றான் அண்ணன். அணைத்துப் போட்டதும் பச்சை போய்விட்டது. அவளுக்குப் போன உயிர் வந்தது.

"இப்பப் பாருண்ணே. கையைப் பாரு, டிவியையும் பாரு."

கேம் கட்டையை அவன் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். டிக். அந்த டிக்கிலேயே மூட்டைக்காரன் குதித்தான். மறுபடி அழுத்தினாள். இடைவெளியே இல்லை. விரலும் அவனும் ஒன்றாக இருந்தார்கள்.

பிறகு எழுந்துபோய்ப் புது டிவியில் அதே பெட்டியை மாட்டி அழுத்திக் காட்டினாள். டிக், குதி. வித்தியாசம் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அண்ணன் முழங்கையை ஊன்றினான். யாரும் தூக்கிவிடாமல் அவனாகவே பாதி எழுந்து உட்கார்ந்தான். "ஏய்... ஆமா!" என்றான். "ஆமா பாப்பா. அப்போ அன்னைக்கு..."

"அன்னைக்கு உன் கை நல்லாத்தாண்ணே இருந்துச்சு. நான் தலையால அடிச்சுக்கிட்டேனே, நீ நம்பலையே."

அவன் வலது கையை எடுத்து மடியில் வைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். இன்னொரு கையால் அதைத் தடவிக்கொடுத்தான்.

"பாவம்" என்றான். "இதைப் போய் ஒரு வாரமா திட்டிக்கிட்டு இருந்தேனே."

வீட்டுக்காரர் விருட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டார். உள்ளே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்றும் கழுவுகிற மாதிரித் தெரியவில்லை.

அண்ணன் பால் கேட்டான். கேட்டான்! அவனாகக் கேட்டு அரை டம்ளர் குடித்தான். டிப்போக்காரர்களை நாளைக்கு வரச் சொல் என்றான். வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்க, குடு" என்று கையை நீட்டினான். அவள் தலையணைகளை முதுகுக்கு அடுக்கி, கேம் பெட்டியைக் கருப்பு டிவிக்கு மாற்றி, கட்டையை அவன் கைகளுக்குள் வைத்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

முதல் பாலத்தைத் தாண்டினான். இரண்டாவதைத் தட்டுத்தடுமாறித் தாண்டினான். மூன்றாவதில் விழுந்தான். கேலிப் பாட்டு வந்தது.

"ரொம்ப நாளாச்சுல்ல, அதான்" என்றாள் அவள்.

"அதான்" என்றான் அவனும்.

மறுபடி ஆடினான். இந்தத் தடவை முதல் பாலத்திலேயே விழுந்தான். அவள் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் கட்டைவிரலைப் பார்த்தாள். விரல் பொத்தானை நோக்கி வந்தது. அதன் மேல் படுத்தது. அழுத்தவில்லை. அழுத்த வேண்டும் என்று அவன் நினைப்பது நெற்றியில் தெரிந்தது, உதட்டில் தெரிந்தது, விரலுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கடைசியில் அது அழுத்தியபோது மூட்டைக்காரன் ஆற்றுக்குள் இருந்தான்.

இப்போதுதான் கை உண்மையாகவே போயிருக்கிறது. போன வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் அவனுடையது, ஏழு காலை, ஏழு தடவை 'டூட்டிக்குப் போலாம்'. சாப்பிட்டிருப்பான், மாத்திரை போட்டிருப்பான், நண்பர்களோடு கதை பேசியிருப்பான். கை அதனால் இன்னும் சில நாள் தாக்குப் பிடித்திருக்குமோ என்னவோ, அதை இனி எந்த டாக்டரும் சொல்லப்போவதில்லை. அத்தனையையும் சுவரைப் பார்த்தே கழித்துவிட்டான். சுவரில் தொங்கிய அந்தப் பெரிய டிவியைக் கல்லால் அடித்து உடைக்க வேண்டும் என்று வந்தது. ஆனால் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அழக்கூட வழியில்லை.

"பாப்பா" என்றான் அண்ணன். "இந்த டிவியும் லேட்டுதான்."

இது லேட் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் ஈர முகத்தோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அப்படியா மச்சான்? அந்தக் கடைக்காரன் கதை விட்டுட்டானா? இருங்க, இப்பவே போய் அவனை..."

"விடு மாப்ள. பழசுன்னா அப்படித்தான் இருக்கும். அவன் என்ன பண்ணுவான்."

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் இரண்டு அடி வைத்தவர் அப்படியே நின்றார், பிறகு திரும்பி உள்ளே போனார்.

அண்ணன் கேம் கட்டையை மடியிலிருந்து அவள் பக்கம் தள்ளினான். "நீ பிடி. நான் சொல்றேன். சொன்னதும் அழுத்து."

"எனக்கு வராதுண்ணே. சின்ன வயசுலயே வந்ததில்லை."

"உனக்குப் பொறுமை கிடையாது. பலகையைப் பார்த்ததும் பறப்பே. பலகையை நான் பார்த்துக்கறேன், நீ என் குரலைக் கேளு."

அவள் கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். அவன் கை அவள் தோளில் வந்து விழுந்தது. வைத்தானா, விழுந்ததா, தெரியவில்லை.

"போ... போ... இப்போ."

அழுத்தினாள். மூட்டைக்காரன் தாண்டினான்.

"இப்போ." தாண்டினான். "அவசரப்படாதே. இப்போ." தாண்டினான். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் டிரைவருக்குச் சொல்கிற மாதிரி, சத்தமில்லாமல், துளி பதற்றமில்லாமல் சொன்னான். நான்காவது பாலம் போனதே தெரியவில்லை. ஐந்தாவதின் பலகை ஏறி இறங்க ஆரம்பித்தபோது அவள் கட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"பார்க்காதே. கண்ணை மூடிக்கோ."

மூடிக்கொண்டாள்.

"விடு... இது வேண்டாம்... விடு... இப்போ."

கேலிப் பாட்டு வரவில்லை. கண்ணைத் திறந்தாள். மூட்டைக்காரன் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். "அண்ணே!" என்று கத்திவிட்டாள். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் அண்ணன் சிரிப்பது கட்டிலின் அசைவில் தெரிந்தது. "அவ்ளோதான் விஷயம்" என்றான். "இதுக்குப் போய் இத்தனை வருஷம் அழுதியே."

ஐந்தாவதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. பனி பெய்தது. பாலங்கள் வெள்ளையாக இருந்தன. அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். இங்கே வழுக்கும், நடுவில் நிற்காதே. அந்தப் பறவை ஒன்றும் செய்யாது, சும்மா வந்து போகும், நல்ல பறவை. "இப்போ." இனி ஒரு விளக்கு எரியும் வீடு வரும், அதற்குள் போக முடியாது, நானும் எத்தனையோ தடவை முயற்சி பண்ணினேன். "இப்போ." வீடு வந்தது. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். அதைத் தாண்டிப் போனார்கள்.

அவன் சொல்வதற்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. அவள் அவசரப்படவில்லை. பலகை எத்தனை தடவை வந்து போனாலும் குரல் வரும்வரை விரலை அசைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"இப்போ" என்றான். தாண்டினாள்.

அடுத்த பாலம் நீளமானது. நடுவில் ஒரே ஒரு பலகை. மேலே வந்தது, கீழே போனது. மேலே வந்தது. வெளியே தெருவில் யாரோ கதவைச் சாத்தினார்கள். பலகை கீழே போனது. தோளில் இருந்த கை அப்படியே இருந்தது.

வீட்டுக்காரர் டீ டம்ளர்களோடு வந்தார். கட்டிலைப் பார்த்தார். டம்ளர் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வந்தது. "ஏம்மா" என்றார் மெல்ல. "ஏம்மா... இங்க திரும்பு."

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அண்ணன் இன்னும் சொல்லலை."

அவர் அப்படியே நின்றார். பலகை மேலே வந்தது, கீழே போனது. மூட்டைக்காரன் பாலத்தின் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முதுகிலிருந்த மூட்டையை இறக்கிப் பனியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். சும்மா விட்டால் அவன் அப்படிச் செய்வான் என்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.